வெயிலில் வைத்த பேட்டரிக் கட்டைகள்

எங்கள் வீட்டில் மாலைச் செபத்தைத் தொடங்கிவைப்பவர் அப்பா. ஏழு மணிக்கு மாதா படத்தின் முன் அம்மா மெழுகுவத்தியை ஏற்றுவாள். அப்பா சிலுவை அடையாளம் வரைந்து முதல் வாக்கியத்தைச் சொல்வார். அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வருமுன் நானோ அம்மாவோ உதடு பிரித்ததில்லை. யாரும் எங்களுக்கு அப்படிச் சொல்லித்தந்ததாக நினைவில்லை. காரைக்குடிக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அது அப்படித்தான் நடந்துவந்தது.

அப்பா சாக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருக்கும்போது ஒரு காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் சாய்ந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. கேட்பதெல்லாம் அவருக்குப் புரிகிறது, சொல்லத்தான் வரவில்லை என்றார் டாக்டர்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த அன்று மாலை, அம்மா வழக்கம்போல மெழுகுவத்தியை ஏற்றினாள். நாங்கள் இருவரும் வழக்கம்போலக் காத்திருந்தோம். காத்திருக்கிறோம் என்பதை உணர்ந்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. அப்பா வாயைத் திறந்தார். ஓர் ஒலி வந்தது; அது எந்தச் சொல்லின் தொடக்கமாகவும் இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டார். அம்மா அவசரமாகச் செபத்தைத் தொடங்கினாள். மறுநாளிலிருந்து ஏழு மணி ஆகும்போது அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இடது கையைப் பற்றி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இனி அவருக்கு இருப்பது அந்த ஒரு கைதான். அவரால் முடிகிற எதையும் நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். வேலையில்லாத கை வேலையை மறந்துவிடும். பிடித்து அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். அப்பா அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். பந்தை எடுத்து எடுத்துக் கையில் வைப்பதே ஒரு வாரம் எங்கள் வேலையாயிற்று. கரும்பலகையில் வட்டத்தைக் கவராயம் இல்லாமல் வரைந்தவரிடம் பந்தைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கட்டிலுக்கு எதிரே ஒரு பலகையில் டிவியும், வீடியோ டெக்கும், பாட்டுக் கேட்கும் செட்டும் இருந்தன. மூன்றுக்கும் மூன்று ரிமோட்டுகள். ஒரு கையால் துழாவி, எது எதற்கென்று பார்த்து எடுப்பதற்குள் அப்பாவுக்குச் சலித்துவிடும். பொத்தான்களும் மிகச் சிறியவை. ஒரு முறை டிவியின் ஒலியைக் குறைக்கப் போய் டெக்கிலிருந்து கேசட்டை வெளியே தள்ளிவிட்டார். அதன் பிறகு அவற்றைத் தொடுவதில்லை.

அந்தக் கோடையில் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா வந்தார். அப்பாவின் ஒரே தம்பி. பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது ஒரு ரிமோட்டைத்தான். நீளமாக, கறுப்பாக, விரல் நுனி அளவுக்குப் பெரிய பொத்தான்களோடு இருந்தது.

“அண்ணே, இது ஒண்ணு போதும். டிவி, டெக்கு, பாட்டு செட்டு, மூணையும் இதாலயே அடக்கிரலாம். அண்ணிய மட்டுந்தான் அடக்க முடியாது.”

“அந்தப் பொத்தானத்தான ஒங்க அண்ணன் இருவத்தஞ்சு வருசமா தேடுறாக” என்றாள் அம்மா. “நீங்களும் கொண்டுவராம வந்துட்டீக.”

அப்பாவின் முகத்தில் இடது பாதி சிரித்தது. நோய்க்குப் பின் நான் பார்த்த முதல் சிரிப்பு அது. சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, பெட்டியில் எதையோ தேடுவதுபோல நெடுநேரம் குனிந்திருந்தார்.

ரிமோட் உடனே வேலை செய்யவில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் கருவிக்கும் ஒரு மூன்று இலக்க எண் உண்டு. அந்த எண்ணை ரிமோட்டுக்குள் பதியவைத்தால்தான் அது அந்தக் கருவியோடு பேசும். எண்களெல்லாம் உடன் வந்த கையேட்டில் அச்சிடப்பட்டிருந்தன. டெக்கும் பாட்டு செட்டும் வெளிநாட்டுச் சரக்கு. அவற்றின் எண்கள் பட்டியலிலேயே கிடைத்தன. டிவி நம் நாட்டில் செய்தது. அதன் பெயரே பட்டியலில் இல்லை. எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டேன். பதிவுப் பொத்தானையும் டிவிப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரியும். அது அணைவதற்குள் மூன்று இலக்கங்களையும் போட வேண்டும். பிறகு டிவியை நோக்கி அணைப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். அணையாவிட்டால் அந்த எண்ணைப் பென்சிலால் அடித்துவிட்டு அடுத்தது. அப்பா ஒவ்வொரு முறையும் டிவியையே பார்த்தார். தேர்வுத் தாளில் மாணவன் விடையை நெருங்குவதைப் பார்க்கும் கண்கள். அடித்த எண்கள் இரண்டு பக்கம் நிறைந்த பிறகு, பூஜ்யம் எட்டு மூன்று என்று போட்டு அமுக்கினேன். டிவி அணைந்தது.

அப்பா இடது கையை நீட்டினார். ரிமோட்டை அதில் வைத்தேன். அவர் கட்டை விரலால் அமுக்கினார்; டிவி எரிந்தது. மறுபடி அமுக்கினார், அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

“டிவி புகையப் போகுது” என்றாள் அம்மா, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அன்று மாலை ஏழு மணிக்கு அம்மா மெழுகுவத்தியை ஏற்றினாள். சித்தப்பா ஏதோ பார்த்துக்கொண்டிருந்ததால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. ரிமோட்டை மார்பின் மேலிருந்து எடுத்து, நிதானமாகக் குறிபார்த்து, டிவியை அணைத்தார். அறை அமைதியானது. பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை, பிறகு விளங்கிற்று. செபத்தின் முதல் வாக்கியத்தை அவள் சொன்னாள். ஆனால் தொடங்கிவைத்தவர் அப்பாதான் என்பது அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து யாரும் பார்க்காவிட்டாலும் ஏழு மணிக்குச் சற்று முன்பு டிவியைப் போட்டுவைப்பது வழக்கமாயிற்று. அணைப்பதற்காகவே போட்டோம்.

விடுமுறை முடிந்து திருச்சி விடுதிக்குத் திரும்புமுன் ஒரு விதி செய்தேன். டாக்டர் சொன்னதை மனத்தில் வைத்துத்தான் செய்தேன். அந்த ரிமோட்டை அப்பாவைத் தவிர யாரும் அமுக்கக் கூடாது. அவசரத்துக்குக்கூட அம்மா அமுக்கக் கூடாது. வேண்டுமானால் எழுந்துபோய் டிவியிலிருக்கும் பொத்தானை அமுக்கட்டும். அம்மாவிடம் இரண்டு முறை சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். பழைய ரிமோட்டுகள் மூன்றையும் பேட்டரிக் கட்டைகளைக் கழற்றிவிட்டுப் பீரோவில் போட்டேன். கையேட்டையும் அங்கேயே வைத்தேன்.

அந்தக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதன் கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், பேட்டரி மாற்றுவது பற்றிய குறிப்பின் கீழே ஒரு வரி இருந்தது. அதையும் படித்தேன். யாருக்கும் சொல்லவில்லை. கல்லூரியில் தமிழ் படித்து, ஒரு செய்யுளில் ஒரு சீர் பிழையானால் விரல் வைத்துக் காட்டும் பயிற்சியில் அப்போது இருந்தேன் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

அம்மா மாதம் இரண்டு கடிதம் எழுதுவாள். முதல் சில மாதங்களின் கடிதங்களில் நல்ல செய்திகளே இருந்தன. அப்பா இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார். நாளிதழின் பக்கத்தைத் தாமே திருப்புகிறார். சித்தப்பா அனுப்பிய பாட்டுக் கேசட்டில் தமக்குப் பிடித்த இடத்துக்கு ஓடவிட்டு ஓடவிட்டுக் கேட்கிறார். “எனக்குத்தான் காது வலிக்கிறது” என்று ஒரு வரி.

ஐப்பசியில் வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. “அப்பாவுக்கு இடது கையும் முன்னைப்போல இல்லை. டிவியை அணைக்க முடியவில்லை, பாட்டும் போட முடியவில்லை. நாலைந்து நாள் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். நீ படிப்பைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம். விடுமுறைக்கு வந்தால் போதும்.” அந்த உள்நாட்டுக் கடிதத்தின் மடிப்பில் வழக்கமாக இருக்கும் கேலி வரி இல்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போனேன். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இடது கை போர்வைக்குள் இருந்தது. ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள் ஜன்னல் மேடையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. மதியம் அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அவர் வாய் திறந்து வாங்கிக்கொண்டார். கரண்டி தட்டுக்கு வரவே இல்லை.

அடுக்களையில் அம்மாவிடம் கேட்டேன்.

“டாக்டர்கிட்டக் காட்டினியாம்மா?”

“காட்டாம இருப்பனா? கையில கொறையொண்ணும் தெரியலங்கிறாரு. அவரா விட்டுட்டா நான் என்ன செய்யன்னு கேக்கிறாரு. கையில கொறையில்லன்னா அமுக்கினா அணைய வேண்டியதுதான?”

“ரிமோட்டுல கோளாறா இருக்குமோ?”

“விளக்கு எரியுதே. அவுக அமுக்குறப்பல்லாம் அந்தச் செவப்பு விளக்கு மினுக் மினுக்குங்குது. கட்டை நல்லாத்தான் இருக்கு. அமுக்குறதுதான் பத்தல. அழுத்தி அமுக்குங்க, நேராப் பிடிங்கன்னு நானும் எம்புட்டோ சொன்னேன். மொதல் நாளு ஏழு மணிக்கு அமுக்கி அமுக்கிப் பார்த்தாக. மெழுகுவத்தி பாதி உருகிருச்சு. அப்புறம் நான்தான் போயி அணைச்சேன். அன்னைக்கு மூஞ்சியத் திருப்பினவுகதான்.”

“நீ அமுக்கிப் பார்க்கலையா?”

அம்மா என்னைப் பார்த்தாள். “நீதான அமுக்கக் கூடாதுன்ட்ட.”

கைதான் தளர்ந்துவிட்டது என்றே நானும் எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் அப்படியே கழிந்தன. ஏழு மணிக்கு அம்மா மெழுகுவத்தியை ஏற்றினாள். நாங்கள் செபம் சொன்னோம். அப்பாவின் முதுகு எங்களைப் பார்த்திருந்தது.

மூன்றாம் நாள் காலை, துவைத்த துணிகளை உலர்த்த மாடிக்குப் போனேன். வெயில் நன்றாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் அம்மா மோர்மிளகாய் காயவைத்திருந்தாள். அந்தத் தட்டின் விளிம்பில், மிளகாய்களோடு ஒட்டாதபடி, பென்சில் கனத்தில் நான்கு பேட்டரிக் கட்டைகள் வரிசையாகப் படுத்திருந்தன.

துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கீழே வந்தேன்.

“அம்மா, மாடியில இருக்கிறது எந்தக் கட்டை?”

“ரிமோட்டுக் கட்டை. புரட்டாசி கடைசியில விளக்கு மங்கலா எரிஞ்சுச்சு. டார்ச்சுக் கட்டை, ரேடியோக் கட்டை எல்லாம் வெயில்ல வச்சுத்தான நாம ரெண்டு மாசம் கூட ஓட்டுறது? காலையில எடுத்து வச்சு, வெயில் எறங்கவும் எடுத்துப் போட்டுருவேன். விளக்கு பளிச்சுன்னு எரியும்.”

“இப்பவும் வைக்கிறயா? அப்பாதான் அமுக்குறதே இல்லயே.”

“வாரத்துக்கு ஒருக்க வைக்கிறேன்” என்றாள் அம்மா. “என்னைக்காச்சும் அமுக்குவோம்னு அவுகளுக்குத் தோணுச்சுன்னா, அந்நேரம் கட்டை செத்துக் கெடக்கக் கூடாதுல்ல.”

பீரோவைத் திறந்து கையேட்டை எடுத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. அந்த வரி எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் இருந்தது என்பது நினைவில் இருந்தது. பழைய பேட்டரிகளை எடுத்த சில நிமிடங்களுக்குள் புதியவற்றைப் போட்டுவிட வேண்டும். தாமதித்தால் பதிந்த எண்கள் அழிந்துவிடும், மீண்டும் பதிய வேண்டும். விளக்கு எரியும். ஆனால் ரிமோட்டுக்கு எந்தக் கருவியையும் தெரியாது.

அம்மாவை அடுக்களைப் படியில் உட்காரவைத்து அதைத் தமிழில் சொன்னேன். அவள் ஒருமுறை கேட்டுவிட்டு, “திருப்பிச் சொல்லு” என்றாள். திருப்பிச் சொன்னேன். இம்முறை கொஞ்சம் மெதுவாக.

“அப்ப அவுக கை?”

“கையில ஒண்ணுமில்லம்மா.”

அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். “ரெண்டு மாசம்” என்றாள். “கரண்டியக்கூட விட்டுட்டாக.”

“தப்பு என்னோடதும்மா. இந்த வரியப் படிச்சிட்டுத்தான் ஒங்கிட்டச் சொல்லாமப் போனேன். ஒன்னய அமுக்க வேணாம்னதும் நான்தான்.”

“வெயில்ல வச்சது நானு” என்றாள் அவள். “நீ அதுல பங்குக்கு வராத.” பிறகு எழுந்து முகத்தைக் கழுவினாள். “அவுககிட்ட நானே சொல்றேன்.”

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கவோ குறைக்கவோ இல்லை. மிளகாய்த் தட்டைக்கூடச் சொன்னாள். “ஒங்க கைக்கு ஒண்ணுமில்ல. நான்தான் அந்தச் சாமானுக்கு மறதி வர வச்சுட்டேன். கேக்குதா?”

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நோயாளிக்கு ஆறுதலாக வீட்டார் சேர்ந்து ஒரு கதை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைப்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. கை போர்வையை விட்டு வெளியே வரவில்லை. நான் எண்ணைப் பதிந்து டிவியை அணைத்துக் காட்டியிருக்கலாம். அதனால் என்ன தெரியும்? என் கைக்கு டிவி அணையும் என்பதில் அவருக்கு எப்போது சந்தேகம் இருந்தது?

மாலையில் அம்மா கட்டைகளைப் போட்டு ரிமோட்டைக் கட்டிலில் வைத்தாள். ஒரு வெள்ளைத்தாளில் நான் பெரிய எழுத்தில் எழுதினேன்: பதிவு, டிவி, 0, 8, 3. அதை அவர் கண்ணில் படும்படி தலையணையோரம் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். ஏழு மணிக்கு முன் அம்மா டிவியைப் போட்டாள். மெழுகுவத்தியை ஏற்றினாள். முழந்தாளிட்டாள். நானும் அவள் பக்கத்தில் முழந்தாளிட்டேன்.

டிவியில் யாரோ ஒரு பெண் சோப்பின் நுரையைக் கன்னத்தில் தேய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு ஒரு பாட்டு வந்தது. அம்மா எழுந்து அணைக்கவில்லை, செபத்தைத் தொடங்கவுமில்லை. கைகளைக் கூப்பியபடி அசையாமல் இருந்தாள். பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வந்தது. மாதாவின் முன் அப்படியொரு பாட்டு ஓடிக்கொண்டிருக்க அம்மா பொறுத்திருந்தது அதுவே முதல் முறை. மெழுகு கீழிறங்கித் தட்டில் உறைந்தது.

“தொடங்கலையாம்மா?” என்று மெல்லக் கேட்டேன்.

“நான் எங்க தொடங்குறது? டிவி ஓடுதுல்ல.” கட்டில்வரை கேட்கும்படிதான் சொன்னாள்.

கட்டில் கிறீச்சிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரேயிருந்த பீரோக் கண்ணாடியில் பார்த்தேன். போர்வை விலகி இடது கை வெளியே வந்தது. முதலில் தாளைக் கண்ணெதிரே இழுத்தது. பிறகு ரிமோட்டை மார்பின் மேல் நிறுத்தி, பதிவுப் பொத்தானை ஆள்காட்டி விரலாலும் டிவிப் பொத்தானைக் கட்டை விரலாலும் சேர்த்து அமுக்கியது. விளக்கு எரிந்தது. பூஜ்யம். எட்டு. மூன்றைத் தேடுவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. நான் எழப் போனேன். அம்மா என் முழங்கையைப் பிடித்துக் கீழே அழுத்தினாள்.

இரண்டாம் முறை ரிமோட் மார்பிலிருந்து சரிந்து போர்வையில் விழுந்தது. அவர் அதை எடுத்தார். மூன்றாம் முறை விரல்கள் அவசரப்படவில்லை, தயங்கவுமில்லை. எண்களைக் கையாண்டு பழகிய கை அது. அது இடது கைதான் என்றாலும். எண்ணை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக விளக்கு இருமுறை சிமிட்டிற்று. அவர் கையை உயர்த்திக் குறிபார்த்தார். அந்தக் குறிபார்த்தலில் நேரம் எடுத்துக்கொண்டார். அணையாவிட்டால் இனி வேறு காரணம் சொல்ல யாராலும் முடியாது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பாட்டு பாதி வரியில் நின்றது.

அம்மா உடனே தொடங்கவில்லை. அந்த அமைதி சிறிது நேரம் இருக்கட்டும் என்று விட்டுவைத்தாள். பிறகு சிலுவை அடையாளம் வரைந்து முதல் வாக்கியத்தைச் சொன்னாள். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கண்ணாடியில் பார்த்தேன். அப்பா எங்களைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

மறுநாள் காலை கரண்டி தட்டுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தவள் அம்மா, எடுத்தவர் அவர். சோறு பாதி சட்டையில் சிந்திற்று. “சிந்துறதெல்லாம் நான்தான தொவைக்கணும்” என்றாள் அம்மா. கரண்டியை மட்டும் அவள் வாங்கவில்லை.

பேச்சு அவருக்குத் திரும்பவில்லை. வலது கையும் அப்படியே இருக்கிறது. இவற்றில் மாற்றம் வரும் என்று டாக்டரும் சொன்னதில்லை. இப்போது முதுகலை படிக்கிறேன். விடுமுறைகளில் வீட்டுக்குப் போகிறேன். அம்மா அந்த டிசம்பருக்குப் பிறகு கட்டைகளை வெயிலில் வைப்பதை அடியோடு நிறுத்திவிட்டாள். ரிமோட்டைத் துடைக்கக்கூட அஞ்சினாள். விளக்கு மங்கினால் புதிய கட்டைகளை வாங்கி, நான் வரும்வரை பிரிக்காமல் வைத்திருந்தாள்.

சென்ற கோடையில் ஒரு நாள் காலை, அவள் மோர்மிளகாய்த் தட்டோடு மாடிக்குப் புறப்பட்டபோது, அப்பா கட்டிலிலிருந்து ஓர் ஒலி எழுப்பினார். நாங்கள் இருவரும் திரும்பினோம். ரிமோட் அவர் மடியில் குப்புறக் கிடந்தது; அதன் பின்மூடி திறந்திருந்தது. நான்கு கட்டைகளையும் இடது உள்ளங்கையில் ஏந்தி அம்மாவிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

“வேணாங்க” என்றாள் அம்மா. “எல்லாம் அழிஞ்சு போகும். மறுபடி நம்பரப் போடணும்.”

அவர் கையை இறக்கவில்லை. தலையணைக்கடியில் நான் எண் எழுதிக்கொடுத்த வெள்ளைத்தாள் நாலாக மடிந்து கிடந்தது. அதை அவர் எடுத்துப் பார்க்கவும் இல்லை. அம்மா தட்டை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, மற்றொரு கையால் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மிளகாய்களுக்கு ஓரமாக அடுக்கினாள். பிறகு படியேறிப் போனாள்.